கழுத்து தாங்குமா?

"கழுத்துரு போட்டா கழுத்து தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா!"

வள்ளியப்பன் கேட்டது உள் அறையில் இருந்த ரோகிணிக்கு மட்டுமல்ல, வெளியே பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

ரோகிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரைக்குடியில் பிசியோதெரபி கிளினிக் திறந்ததிலிருந்து அவள் எத்தனையோ கணவன்மாரைப் பார்த்துவிட்டாள். பெண்டாட்டி கழுத்தில் காலர் மாட்டிக்கொண்டு படுத்திருக்க, நகையைப் பற்றிக் கவலைப்படுகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறாள்.

அடுத்த மாதம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அன்றைக்கு அவர் மனைவி விசாலி ஆச்சியின் கழுத்தில் மறுபடியும் கழுத்துரு ஏற வேண்டும். செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டுகிற கனத்த தங்கத் தாலி அது. கல்யாணத்துக்குப் பிறகு பெட்டிக்குள் போனால், அறுபதுக்குத்தான் அவள் கழுத்துக்குத் திரும்பும்.

"முதல்ல வலி குறையட்டும் ஐயா."

"குறையணுமே! பங்காளிக அத்தனை பேரும் கேக்குறாக. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? இதுக்குத்தானே கண்டரமாணிக்கத்துலேருந்து தினமும் கூட்டியாரேன்?"

"வெளிய உக்காருங்க ஐயா."

சொன்ன வேகத்தில் கதவைச் சாத்தினாள்.

ஆனால் ரோகிணிக்குள் இன்னொரு உறுத்தலும் இருந்தது. ஒத்தடம் கொடுத்தாயிற்று, கரண்ட் வைத்தாயிற்று, பயிற்சியும் சொல்லிக் கொடுத்தாயிற்று. ஆச்சி மட்டும் வலி இம்மியும் குறையவில்லை என்றே சொல்கிறாள். வலிக்கிற கழுத்து விரலுக்குத் தெரியும், தோள்பட்டைச் சதை கயிறாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆச்சிக்கோ தொட்ட இடமெல்லாம் இளக்கமாகத்தான் இருந்தது.

காலரைக் கழற்றி ஆச்சியை உட்கார வைத்தாள்.

"லேசா இடதுபக்கம் திரும்புங்க ஆச்சி."

"ஐயோ, உசுரு போகுது தாயி!"

அந்த நேரம் பார்த்துப் பின்னால் நாற்காலியில் இருந்த பைக்குள் போன் அடித்தது. ஆச்சி சட்டென்று இடது தோளுக்கு மேலாகத் திரும்பினாள்.

"எம் மக ஜனனியா இருக்கும்..."

சொன்ன பிறகுதான் அவள் கை கழுத்துக்குப் போனது.

ரோகிணிக்குக் கோபம் தலைக்கேறியது.

"உங்களுக்கு வலியே இல்லை ஆச்சி. வெளிய இருக்கவுகள்லாம் நிசமான வலியோட உக்காந்திருக்காக. அந்த மனுசன் தினமும் அலையுறாரு. எதுக்கு இந்த நடிப்பு?"

"மெதுவாப் பேசு தாயி, அவுக காதுல விழுந்துறப் போகுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆச்சி அழுதாள்.

"என் கழுத்துருவைத்தான் ஜனனி கல்யாணத்துக்குப் பூட்டினோம். அறுபதுக்கு அதைக் கொண்டான்னு போன்ல கேட்டேன். ஒரே அழுகை. போன வருசம் மாப்பிள்ளைக்குக் கிட்னி மாத்துனாகல்ல, அதுக்கு வித்துருச்சாம். அப்பச்சிட்ட சொல்லிறாதீகன்னு கெஞ்சுது. வெளிய உக்காந்திருக்காகளே, அவுகளுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. நான் எப்படிச் சொல்லுவேன்?"

ரோகிணியின் குரல் இறங்கிவிட்டது.

"வேற யார்கிட்டயாவது இரவல் வாங்கிப் போட்டுக்கலாமே ஆச்சி?"

"மககிட்ட இருக்கையில எதுக்கு இரவல்னு கேக்க மாட்டாகளா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கழுத்துதான் ஆகலைன்னா மஞ்சக் கயித்தோட முடிஞ்சிரும். அவுகளுக்குத்தான் மனசு விட்டுப்போகும். ஆனா உசுரோட இருப்பாகள்ல?"

ரோகிணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. காலரை எடுத்து ஆச்சியின் கழுத்தில் அவளே மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

வள்ளியப்பன் எழுந்து நின்றார். பெஞ்சில் மூட்டுவலிக்காக வந்திருந்த அவருடைய பங்காளி முருகப்பனும் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஐயா, ஆச்சி கழுத்துல பாரம் ஏறவே கூடாது. கழுத்துரு வேணாம்."

"கேட்டியா முருகப்பா? டாக்டரம்மா முடிவாச் சொல்லிட்டாக. ஆசைப்பட்டதுக்கு எனக்குக் கொடுத்து வைக்கலை!"

"உடம்பு முக்கியம்ணே. கேக்குறவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றபடி முருகப்பன் தன் முறைக்கு உள்ளே போனார்.

பாவம், இந்த மனுசனைப் பெண்டாட்டியும் ஏமாற்றுகிறாள், நானும் சேர்ந்துகொண்டேன் என்று ரோகிணிக்கு மனசு கனத்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

வள்ளியப்பன் பக்கத்தில் வந்தார். அவர் தணிந்து பேசி அவள் கேட்டதே இல்லை.

"உள்ள அழுதாளா தாயி?"

ரோகிணி திடுக்கிட்டாள்.

"அவ மககிட்ட போன்ல பேசயில நான் அடுத்த அறையிலதான் இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலமே கழுத்து வலி வந்துருச்சு. மாப்பிள்ளையைக் காப்பாத்த அதை விக்கச் சொன்னதே நாந்தான். ஆத்தாளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா, சொல்லாதேன்னு ஜனனிட்ட சத்தியம் வாங்குனதும் நாந்தான். அதை மீறுனது எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான், அப்பச்சிட்ட சொல்லிறாதீகன்னு அவகிட்டக் கெஞ்சியிருக்கு. இப்ப எனக்குத் தெரியும்னு இவகிட்டச் சொன்னா, இம்புட்டுப் பாடும் வீணாப் போச்சேன்னு நொந்துருவா."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ரோகிணிக்கும்தான்.

"அப்புறம் எதுக்கு ஐயா தினமும் வந்து, கழுத்து தாங்குமா, தாங்குமான்னு அத்தனை சத்தமாக் கேட்டீக?"

"நான் அப்படிக் கேட்டாத்தானே தாயி, அவ வலியை ஊரு நம்பும்?"