கடுகு வெடிக்கும் பாட்டு

"பாட்டை நிறுத்துங்க. காதுக்குள்ள கடுகு வெடிக்குது!"

நஜீமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அவள் கணவர் மூசா சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

புது டிஜிட்டல் செட். செல்போனிலிருந்து பாட்டு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து இரண்டு உயரமான ஸ்பீக்கர்களுக்கு. பொருத்திக் கொடுத்தவன் நஜீமாவின் தம்பி ரஃபி. போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். இப்போதும் அவன்தான் ஸ்பீக்கர் முன்னால் மண்டியிட்டிருந்தான்.

"இன்னைக்கு இந்தக் கீச்சு அடங்கணும் தம்பி. இல்லைன்னா ஒண்ணு பெட்டி குடோனுக்குப் போகும், இல்ல உன் மச்சான் குடோனுக்குப் போவாரு."

கதவைத் தள்ளிக்கொண்டு பால்பாண்டி உள்ளே வந்தான். போடிமெட்டில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவன். கையில் ஒரு துணிப்பை.

"பெல்லு அடிச்சு அடிச்சு விரலு தேஞ்சு போச்சு பாய்."

"குருவிச் சத்தம் போடுற பெல்லு," என்றாள் நஜீமா. "இந்தப் பாட்டுல கழுகு கத்துனாலே கேக்காது. நீ உக்காரு."

பால்பாண்டி உட்காரவில்லை. "லோடோட ஜீப்பு வாசல்ல நிக்குது. நாளைக்கு ஏலத்துல ஏத்தணும் பாய். ஈரம்னு ரெண்டு தடவை திருப்பிட்டீக. இன்னொருக்கா சூடு காட்டுனா காய் வெடிச்சுத் தெறிச்சிரும். வருசப் பாடு அம்புட்டும் போச்சு."

மூசா ஏலக்காய் வியாபாரி. அவர் 'காய்ஞ்சிருக்கு' என்று சொல்லிவிட்டால் போடியில் வேறு யாரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

"இருப்பா, இந்தச் சோலி முடியட்டும். இந்த சீசன்ல ஒருத்தனும் ஒழுங்கா காய வைக்க மாட்டேங்குறான். காலையில ராசிங்காபுரத்துக்காரன் காயையும் திருப்பி விட்டேன்."

ரஃபி பாட்டை நிறுத்திவிட்டு ஒரு தடவை கை தட்டினான். ஹாலும் பதிலுக்குத் தட்டியது.

"கேட்டியாக்கா? தரை டைல்ஸ், ஜன்னல் கண்ணாடி, சுவரு மொட்டை. மேல் சத்தம் போற இடமெல்லாம் முட்டித் திரும்புது. அதான் பாடுறவன் 'ச'ன்னு சொன்னா 'ஸ்ஸ்'னு சீறுது."

"அப்ப பாம்பு பிடிக்கிறவனை வரச் சொல்லியிருக்கணும்."

நஜீமா ஜமக்காளத்தைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். பின்கட்டில் கிடந்த வெறும் சாக்குகளைப் பால்பாண்டி அள்ளி வந்தான். வேலை வெரசா முடிந்தால் தன் காய்க்கு ஒரு வழி பிறக்கும் என்று அவனே சுவரில் தொங்கவும் விட்டான். ஹால் முழுக்க ஏலக்காய் மணத்தது. ரஃபி ஸ்பீக்கர்களின் முகத்தைச் சற்று விலக்கி வைத்தான். பிறகு மூசாவின் செல்போனை வாங்கிப் பார்த்து நிமிர்ந்தான்.

"கீச்சுச் சத்தத்தைக் கூட்டுற ட்ரெபிள் கோடு உச்சியில நிக்குது. போன வாரம் நடுவுல வச்சுட்டுல்ல போனேன்? யாரு ஏத்துனது?"

நஜீமா கணவரைப் பார்த்தாள். மூசா மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் மாப்ளே. மேல இருக்குற அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கும் சேத்துத்தானே காசு குடுத்தேன்? அது மட்டும் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"வியாபாரி புத்தி!" என்றாள் நஜீமா.

ரஃபி சிரித்துக்கொண்டே கோட்டை இறக்கினான். பாட்டு மறுபடி ஓடியது. சீறல் இல்லை. நஜீமா காதிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்பத்தான் மனுசர் பாடுற மாதிரி இருக்கு."

"மெட்டுல பனி எறங்குற மாதிரி இருக்கு பாய்," என்றான் பால்பாண்டி, துணிப்பையைப் பிரித்தபடி.

"எனக்கு என்னமோ வாயில பணியாரத்தை வச்சுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு," என்றார் மூசா.

"பழகிரும் மச்சான்."

மூசா பெருமூச்சு விட்டார். "நிறுத்து. இவன் காயைப் பாத்து அனுப்புறேன்."

பாட்டு நின்றது. மூசா ஒரு பிடி காயை அள்ளினார். கையை மூடிக் காதோரம் குலுக்கினார். நன்றாகக் காய்ந்த காய்க்குள் விதை கலகலக்கும். ஈரக் காய் ஊமை. மூசாவுக்குக் கருவி கிருவி எதுவும் தேவைப்பட்டதில்லை.

இன்னொரு பிடி. அதையும் குலுக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஊமையா கிடக்கு பால்பாண்டி. திருப்பிக் கொண்டு போ."

பால்பாண்டி சுவரில் தொங்கிய சாக்கைப் பிடித்துக்கொண்டான்.

ஹாலின் அந்தக் கோடியில் ஜமக்காளத்தின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்த நஜீமா திரும்பினாள்.

"பாவம், அந்த மனுசனை வச்சு என்ன விளையாட்டு? நீங்க குலுக்குறது இங்க வரைக்கும் கலகலன்னு கேக்குதே!"

"ஆமா மச்சான்," என்றான் ரஃபி.

மூசா தன் கையைப் பார்த்தார். செல்போனில் இறங்கிக் கிடந்த கோட்டைப் பார்த்தார். மறுபடியும், மெதுவாக, ஒரு தடவை காதோரம் குலுக்கினார். அவர் காதுக்கு மட்டும் அந்தக் கலகலப்பு எட்டவில்லை.

பிறகு எழுந்துபோய் மூடிய கையை மனைவியின் காதோரம் வைத்தார்.

"லோடை இறக்கு பால்பாண்டி. அப்படியே ராசிங்காபுரத்துக்காரனுக்கும் ஒரு போனைப் போடு. இனிமே காயை இவ பாப்பா, பாட்டை மட்டும் நான் பாத்துக்கிறேன்."

"பாட்டையும் நானே பாத்துக்கிறேன்," என்று நஜீமா செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள்.