நாற்காலியும் தெரிய வேண்டும்

குழந்தைகளின் இரட்டைத் தள்ளுவண்டி கடையில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் வீட்டு வண்டிக்கே இந்தக் கதி என்று என் கணவர் சிரித்தார். உள்ளே குழந்தைகள் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கின. அதிசயம்தான்.

பேபி மானிட்டர் வாங்க வந்திருந்தோம். தொட்டிலுக்கு மேலே மாட்ட ஒன்று, கையில் வைத்துக்கொள்ள ஒன்று. அவருடைய லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் நானும் இவர்கள் இரண்டு பேரும் மட்டும்தான்.

திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். ஒரே பிரசவத்தில் பையனும் பெண்ணும், வேலை முடிந்ததாம். எங்கே முடிந்தது? பெரியவன் கண்ணை மூடினால் சின்னவள் திறக்கிறாள். ஷிப்ட் போட்டு அழுகிறார்கள். குளியலறைக் கதவைச் சாத்தினாலும் அழுகை கேட்கிறது. அவர்கள் அழாதபோதும் கேட்கிறது.

கடைக்காரப் பெண் மூன்று பெட்டிகளைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

முதலாவதில் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதுவே போதும் என்றார் அவர். நான் வேண்டாம் என்றேன்.

இரண்டாவதில் படம் தெரிந்தது. தொட்டிலுக்குள் இரண்டு முகமும் பளிச்சென்று தெரியுமாம். அவர் பில் போடச் சொல்லிப் பெட்டியைக் கையில் எடுத்தே விட்டார். கதவு தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. தொட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்து பால் கொடுக்கிற நாற்காலி?

“நாற்காலி எதுக்கும்மா? அது என்ன தவழ்ந்து போயிடப் போகுதா?”

கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் நாற்காலி தெரிந்தே ஆக வேண்டும் என்றேன்.

மூன்றாவது, அறை முழுவதையும் காட்டும். எங்கிருந்தாலும் போனிலேயே பார்க்கலாம். அதில் எத்தனை பேர் பார்க்கலாம் என்று கேட்டேன். இவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் போனில் சிக்னல் இருக்காது. அந்த நேரத்தில் என் நாத்தனார் பார்க்க வேண்டும். நாத்தனார் சமையலில் இருந்தால் என் மாமியார் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மாமியார் போனில் தெரியாமல் எப்படி வைப்பது என்றுதான் எல்லோரும் கேட்பார்களாம்.

விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அநியாயமான கோபம்தான்.

முன்பின் தெரியாதவர்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டால் ஓடுகிற மனிதர் இவர். அந்த வேலையில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. போனதும் கதவைத் திறக்க மாட்டார். வெளியில் நின்று முதலில் பேச்சுக் கொடுப்பார். உள்ளே எத்தனை பேர் என்று கேட்பார். பதிலை வைத்தே நிலைமை தெரிந்துவிடுமாம். கூட நாலு பேர் நெருக்கிக்கொண்டு நின்றாலும், ரொம்பப் பயந்துபோனவர் ‘நான் மட்டும்தான்’ என்பாராம். சாப்பிடும்போது இதையெல்லாம் கதை கதையாகச் சொல்வார்.

கடைக்காரப் பெண் மூன்றாவது கேமராவை அலமாரியின் உச்சியில் வைத்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

தள்ளுவண்டி தெரிந்தது. இரண்டு சின்ன முகங்கள் தெரிந்தன. பக்கத்தில் நான் நின்றேன். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தேன். எப்போதிலிருந்து அப்படி நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதில் முக்கியமாக யாரைப் பார்க்க வேண்டும், பையனையா பெண்ணையா என்று அவள் கேட்டாள். அதற்கேற்றபடி கோணத்தைத் திருப்பித் தருவாளாம்.

“என்னை” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு திரையில் என் கைகளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

நேற்று இரண்டும் சேர்ந்து வீறிட்டபோதும் நான் இப்படித்தான் நின்றேன். கைகளைப் பின்னால் கோத்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அவர் பாத்திரம் கழுவி முடித்து வரும்வரை. அவிழ்த்தால் அந்தக் கைகள் என்ன செய்யுமோ என்று பயமாக இருந்தது. குழந்தைகள்மேல் எனக்கு உயிர். அதனால்தான் பயம்.

வண்டி இன்னும் எங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைத் தாண்டி வர அவசரப்படவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். முகம் தெரியாத மனிதர்களுக்கென்று வைத்திருக்கிற அந்தத் தணிந்த குரலை முதல் தடவையாக என்னிடம் எடுத்தார்.

“உள்ள எத்தனை பேர்?”

வண்டிக்குள் சின்னவள் அசைந்தாள். பெரியவன் காலை உதைத்தான்.

“நான் மட்டும்தான்” என்றேன்.