கூட இருந்தவர்

"டயக்னோசிஸ் காட் ஒரிஜினல் கேட்டீங்க, குடுத்தேன். கொப்பி கேட்டீங்க, குடுத்தேன். சீல் தெளிவில்லேன்னீங்க, பேராதனை ஆஸ்பத்திரிக்கு பஸ்ல தொங்கிக்கிட்டுப் போய் திரும்ப அடிச்சுட்டு வந்தேன். இவ என் பொண்டாட்டிதான்னு கிராம சேவகர்கிட்ட கடிதமும் வாங்கியாச்சு. இனி என்ன வேணும்? எங்க கல்யாணத்துல பந்தி பரிமாறினவன கூட்டியாரவா?"

அழகமுத்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் குடை, பாய், பொலித்தீன் விரிப்பு மொத்த வியாபாரம். நடைபாதையில் தொடங்கி, பேரம் பேசியே கடை பிடித்தவர். யாரிடமும் தோற்றுப் பழக்கமில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஸெய்னுலாப்தீன். இன்ஷுவரன்ஸ் கம்பனியில் கிளெய்ம் பார்க்கிற அதிகாரி.

"இரிங்க முதலாளி. ஒண்டே ஒண்டுதான் பாக்கி."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

பக்கத்துக் கதிரையில் புஷ்பம் வலது விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்துச் சிறுநீரகக் கல்லை எடுத்தாயிற்று. இடது பக்கத்துக்கு அடுத்த மாதம் தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருக்கிறது. இந்த கிளெய்ம் நின்றுபோனால் அதற்கும் கம்பனி கை விரித்துவிடும்.

"ஃபோர்ம்ல 'கூட இருந்தவர் கணவர்'ண்டு எழுதி ஈக்கிறீங்க. எங்கட ஆள் வார்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வேற சொல்றார்."

"நான்தான் இருந்தேன். தினமும் போனேன்."

புஷ்பம் தலை நிமிரவில்லை.

"அது பெரஹர ஊர்வல நேரமே. ரோட்டெல்லாம் மூடித்தானே கிடந்தது?"

"மூடினா சுத்திப் போகத் தெரியாதா எனக்கு?"

"அப்ப எங்கட ஹாஷிம் ஏன் ஒங்களக் காணல்ல?"

"அவன் வந்திருந்தாத்தானே காணுறதுக்கு. எங்கயாச்சும் தேத்தண்ணிக் கடையில குந்திக்கிட்டு ரிப்போர்ட் எழுதியிருப்பான். எட்டு வருஷமா மாசம் தவறாம காசு கட்டுறவன் நான். கூப்பிடுங்க அவன."

ஸெய்னுலாப்தீன் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனை எடுத்தார். ஹாஷிம் மாத்தளையில் இருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஹாஷிம், பேராதனை கேஸ். புஷ்பம்ண்டு பேர். வார்டுல கூட இருந்தது யாரு?"

"அவங்கட அண்ணன், சேர். காளிமுத்துண்டு பேர். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டம். மூணு தடவ போனேன், மூணு தடவையும் அவர்தான். கஞ்சி ஊத்திக் குடுத்துக்கொண்டு இருந்தார்."

அழகமுத்து சிரித்தார். கேட்ட விலைக்குப் பேரம் படிந்துவிட்டால் வருகிற சிரிப்பு.

"பாத்தீங்களா? என் பொண்டாட்டி ஒத்தப் பிள்ளை. அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. இந்தப் பெரிய மனுஷன் வேற எவளையோ பார்த்துட்டு வந்து கதை அளக்கிறாரு. இதுக்கு என்ன சொல்றீங்க மிஸ்டர்?"

"ஒங்கட பொஞ்சாதிக்கு அண்ணன் இல்ல. நிச்சயம்தானே?"

"வேணும்னா அதுக்கும் கிராம சேவகர்கிட்ட கடிதம் வாங்கித் தாறேன்."

ஸெய்னுலாப்தீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"முதலாளி, கட்டில் நம்பர் சரி. டொக்டர் பேர் சரி. ஆபரேஷனும் சரி. அந்தக் கட்டில்ல படுத்திருந்த ஆளுக்கு அண்ணன் ஈக்கி. ஒங்கட பொஞ்சாதிக்கு இல்ல. அப்ப, ஒங்கட பொஞ்சாதி பேர்ல வேற யாருக்கோ ஆபரேஷன் நடந்தீக்கி. இது இனி கிளெய்ம் இல்ல. பொலிஸ் கேஸ்."

அழகமுத்து அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன பேச்சு இது? வெட்டின காயம் இன்னும் ஆறல்ல அவளுக்கு. ஏய் புஷ்பம், நீயாவது வாயைத் திற. உனக்கு ஏது அண்ணன்?"

புஷ்பம் அவர் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தக் கட்டில்ல கிடந்தது நான்தான் சேர். பக்கத்துக் கட்டில் வேலாயியோட வீட்டுக்காரரு அவரு. தோட்டத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வருவாரு. அவளுக்குக் கொண்டாறதுல எனக்கும் ஒரு பங்கு வைப்பாரு. அவளுக்கு முன்னாடியே டிஸ்சார்ஜ் துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு யாரும் வாறதில்லேன்னு, அதுக்கப்புறமும் அவதான் கஞ்சி காய்ச்சி அவர்கிட்ட குடுத்து அனுப்பினா. சொந்தக்காரங்க இல்லாத வார்டுக்கு விட மாட்டேன்னு கேட்டுல அவர மறிச்சிருக்காங்க. தங்கச்சியப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டு உள்ள வந்தாரு."

போனுக்குள் இருந்து ஹாஷிமின் குரல் வந்தது.

"ஓ சேர். அந்த அம்மாதான். குரல் நல்லா வெளங்குது."

ஸெய்னுலாப்தீன் அழகமுத்துவைப் பார்த்தார். அழகமுத்து சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.

"பெரஹர யாவாரம்..." என்று தொடங்கினார். "வருஷத்துல பத்து நாள்தான். குடை, விரிப்பு எல்லாம் அப்பதான் போகும். வீட்டுக்குக் கூட்டியார ஆட்டோ அனுப்பினேன்ல?"



அதிகாரி, கணவர் என்று எழுதியிருந்ததை வெட்டினார். பக்கத்தில் கையெழுத்து வைத்து, சீல் அடித்தார்.

"கிளெய்ம் சரி முதலாளி. அடுத்த மாச ஆபரேஷன் ஃபோர்மையும் இப்பவே நிரப்பிடுவோம். திரும்பவும் அலைய வாணாம். கூட இருக்கப்போறவர் பேர் என்ன?"

அழகமுத்து சட்டைக் கொலரை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

புஷ்பம் முந்திக்கொண்டாள்.

"காளிமுத்துன்னு எழுதுங்க சேர். உறவுமுறை, அண்ணன்."