வைத்தியம் பலிக்கவில்லை

“உங்க வைத்தியம் பலிக்கலை, மேடம். பையன் மறுபடியும் மானத்தை வாங்கிட்டான்” என்றபடி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார் அப்பா.

மனநல ஆலோசகிக்குப் பகீரென்றது. ஒரு பெண்ணிடம் அத்துமீறியதற்காக நான்கு வருடம் சிறையில் இருந்தவன் அவருடைய மகன். வெளியே வந்தபின், நீதிமன்ற உத்தரவுப்படி, ஒரு வருடமாக வாரம் தவறாமல் இந்த அறைக்கு வந்து பேசிவிட்டுப் போகிறான். தேறிவிட்டான் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

“எங்கே? எப்போ?”

“நேத்து, சம்பந்தம் பேசப் போன வீட்டுல. பொண்ணுகிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசணும்னான். நாங்களும் நம்பி விட்டோம். அந்தப் பொண்ணு மூஞ்சி வெளிறிப்போய் வெளியே வருது.”

அவள் கை தானாகத் தொலைபேசியை எடுத்தது. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது அவள் கடமை.

“அந்தப் பொண்ணை என்ன பண்ணான்? மழுப்பாம சொல்லுங்க.”

“பண்ணலை மேடம், சொல்லியிருக்கான். எதுக்கு ஜெயிலுக்குப் போனான், என்ன செஞ்சான், தப்பு முழுக்கத் தன்னோடதுதான்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சிருக்கான். நாலு வருஷமும் வெளிநாட்டுல வேலைன்னு நாங்க கட்டி வச்சிருந்த கதையெல்லாம் போச்சு.”

ஆலோசகி தொலைபேசியை மெதுவாக வைத்தாள்.

“கோர்ட்டுல அத்தனை பேர் குடைஞ்சப்பவும், நான் பண்ணலைன்னு கல்லு மாதிரி நின்ன பையன். இங்கே வந்துதான் கெட்டுப்போனான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அப்பா. “அடுத்த வாரம் இன்னொரு இடம் வருது. அதுக்குள்ள அவனைப் பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க.”