தண்டவாளத்தில் ஒரு பச்சைக் கார்

“உள்ள ஒருத்தன் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருக்கான். காரோட சேர்த்து அவனை இந்த ரெண்டு கையால அலாக்கா தூக்கி ஓரமா வச்சேன். பய புரண்டுகூடப் படுக்கலை!”

பெல்மீரோ சொல்லி முடிக்க, காபிக் கடையே சிரித்தது. ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். அவர் கதைகளை எல்லாம் நம்பினால், லிஸ்பனின் ஏழு குன்றுகளில் மூன்றையாவது அவர் டிராமால் முட்டியே நகர்த்தியிருக்க வேண்டும்.

பக்கத்து மேஜை எவரிஸ்டோ மட்டும் சிரிக்கவில்லை. எலுமிச்சைச் சாற்றை ஒரு மிடறு விழுங்கிவிட்டு, “புளுகு” என்றார்.

கடைக்காரி தியோலிந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “பெல்மீரோ, போன வாரமே சொன்னேன். உங்க புளுகுக்குப் பயந்து ஆளுங்க எதிர்க் கடைக்கு ஓடுறாங்க. இன்னைக்கும் பொய்தான்னா, ஜன்னலோர நாற்காலி இனி எவரிஸ்டோவுக்கு.”

பெல்மீரோவின் மீசை தொங்கிவிட்டது. அந்த ஜன்னல் வழியாகத்தான் இருபத்தெட்டாம் நம்பர் டிராம் வளைவில் திரும்புவது தெரியும். ஓட்டத்தான் முடியாது, பார்க்கவாவது வேண்டாமா?

“சத்தியமா நடந்ததும்மா! அந்தோணியார் திருவிழா ராத்திரி முடிஞ்ச விடியக்காலை. ஊரே மத்தி மீனைச் சுட்டுத் தின்னுட்டு ஒயின்ல மிதக்குது. பேராலயத்துக்குக் கீழே திரும்புறேன், தண்டவாளத்து மேல பாதி ஏறி நிக்குது ஒரு பச்சைக் கார். மணி அடிச்சேன் பாரு, ஆத்துக்கு அக்கரையில இருக்கிறவன் எல்லாம் எழுந்துட்டான். இவன் எழலை!”

“தனியாவா தூக்கின?” என்றார் எவரிஸ்டோ.

“பின்னே?”

“தனியா?”

“சரி… ரெண்டு கன்னியாஸ்திரிங்க ஒரு கை பிடிச்சாங்க.”

“ம்.”

“ஒரு மீன்காரி. அவளே பாதிக் காரைத் தூக்கிடுவா. அப்புறம் பேண்டு வாசிச்சுட்டு வீட்டுக்குப் போன ஆறு பேர். அட, டிராம்ல இருந்த அத்தனை பேரும் இறங்கிட்டாங்கய்யா! நம்ம ஊர்ல டிராம் வழியில கார் நின்னா வேற என்ன பண்ணுவோம்?”

“காரை நகர்த்தினது சரி. அத்தனை பேர் தூக்கியும் முழிக்காதவன் உலகத்துல உண்டா? கண்ணால பார்க்காததை நான் நம்புறதில்லை.”

“அந்தோணியாரை மட்டும் கண்ணால பார்த்தீங்களாக்கும்?” தியோலிந்தா குத்தினாள். “செவ்வாய்க்கிழமை தவறாம மெழுகுவத்தி ஏத்துறீங்களே!”

“அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். நீ நாற்காலியை இப்படிப் போடு.”

தியோலிந்தா நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டாள். பெல்மீரோ பாதி எழுந்தபடி, மூழ்குகிறவர் மாதிரி கடைசியாகக் கத்தினார்.

“வைக்க இடம் இல்லாம, படியேறி அந்தோணியார் கோயில் முற்றத்துலயே வச்சோம்! சிலைக்கு நேரா, மூஞ்சிக்கு மூஞ்சி பார்க்கிற மாதிரி! பின் சீட்டுல கிடந்த அக்கார்டியன் வாத்தியப் பெட்டி மட்டும் ‘ஙொய்ய்ய்’னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு!”

எவரிஸ்டோவின் கோப்பை வாயருகே நின்றது. “அக்கார்டியனா?”

“ஆமா. சிவப்பு. முன்பல்லு விழுந்தவன் மாதிரி அதுல ஒரு கட்டை இல்லை.”

எவரிஸ்டோ எழுந்து வந்தார். பெல்மீரோவின் தோளை அழுத்தி அதே நாற்காலியில் உட்கார வைத்தார்.

“நாற்காலி அவனுக்கே இருக்கட்டும், தியோலிந்தா. எனக்குப் பெரிய கிளாஸ்ல சிவப்பு ஒயின் ஊத்து.”

தியோலிந்தா நாற்காலியை விட்டுவிட்டுத் திரும்பினாள். “ஒயினா? நீங்களா?”

“நடந்தது நிஜம்தான்,” என்றார் எவரிஸ்டோ. “தெருவுல தூங்கினவன், கண்ணு முழிச்சா எதிர்ல அந்தோணியார்! அவரே காரோட தூக்கிட்டு வந்து புத்தி சொல்றார்னு முப்பது வருஷமா ஒரு சொட்டு தொடலையே நான்… தூக்கினது இந்தப் படுபாவின்னு இப்பத்தானே தெரியுது!”