மூன்று டயரும் கிழிந்த இடம்

மூங்கில் காட்டில் குட்டி டிராக்டருக்கு மூன்றாவது டயரும் கிழிந்தது. இன்னொன்று கிழிந்தால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

டிராக்டர் டயர் கடைக்குப் போனது. கருவிப் பெட்டியில் ஜாக்கியும் கூடவே போனது.

"தரையில பதியுற என் பட்டனைப் பாருங்க, விரல் ஆழம். மண்ணைக் கடிச்சுப் பிடிக்கும்" என்றது வாசலில் நின்ற புது டயர்.

"இதுதான் வேணும்" என்றது டிராக்டர்.

"போன மூணும் இப்படித்தான் பல்லைக் காட்டிச்சு" என்றது ஜாக்கி.

"தூக்குறதுதான் உன் வேலை. டயரைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றது டிராக்டர்.

"கிழிஞ்சப்பல்லாம் உன் அடியில கிடந்தது நான்தானே. ஒரு ஓட்டைகூட பட்டன்ல இல்லப்பா. மூணும் பக்கவாட்டுல. வெட்டின மூங்கிலோட அடிக்கட்டை டயரை விலாவுலதான் குத்துது."

டிராக்டர் இன்ஜினை அணைத்துவிட்டு யோசித்தது. பிறகு மூலையில் நின்ற மங்கல் டயரிடம், "உன் விலா எப்படி?" என்று கேட்டது.

"தடிமன். பார்க்கத்தான் நல்லா இருக்காது."

அதையே மாட்டிக்கொண்ட டிராக்டர் மழைக்காலம் முடிந்தும் மூங்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. முதலாளி அந்த டயரைத் தட்டித் தட்டிப் புகழ்கிறார். வண்டியைக் காப்பாற்றியது ஜாக்கி.