அடுத்த எழுத்து

"பி, இ, ஐ, என். அடுத்த எழுத்து என்ன?" மாஸ்டர் கரும்பலகையைத் தட்டினார்.

"எஸ், சார்" என்றாள் அவள்.

"தலையில என்ன களிமண்ணா? மூணு, நாலு, அஞ்சுன்னு தாவுதில்ல? அடுத்து ஆறு தாவு."

"ஆர், சார்?"

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். சரியான விடை சொன்னவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவது அவர் வழக்கம். இவளோ தினமும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

"இந்த லட்சணத்துல உன்னை எந்த ஆபீஸ்ல சேர்த்துப்பான்?"

அவள் தண்ணீரையும் மாத்திரையையும் நீட்டினாள். அவர் வாங்கி விழுங்கினார்.

"சரி, கிளம்பு. உங்க அப்பா தேடுவாரு."

"தேடமாட்டாரு சார்."

"எந்த அப்பாதான் தேடமாட்டான்? என் பொண்ணும் இந்தப் பரீட்சையில பாஸ் பண்ணி ஆபீஸ் போறவதான். நேரமானா எனக்கு இருப்புக்கொள்ளாது." ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். "போற வழியில அவளைப் பார்த்தா, அப்பா காத்துக்கிட்டிருக்காருன்னு சொல்லு."

ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றியபடி, "சொல்றேன் சார்" என்றாள். அப்பா என்று கூப்பிட்டால்தான் அவர் மிரண்டுபோகிறாரே.

விடை 'டி' என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அவளை அப்போதே வெளியே அனுப்பியிருப்பார்.